ஆய்வுக்கூட ஜன்னல்: ஊதா மூடிக் குழாயும் குரங்கு மலேரியாவும்

போன இதழில் கொசுவைப் பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதினேன். அதன் பலன், இந்த மாதக் கடிதங்களில் முக்கால்வாசி மலேரியாவும் ரத்தப் பரிசோதனையும்தான். நல்லது. 1979 முதல் 2016 வரை நான் செய்த வேலையே அது. ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில், ஸ்டூலில் உட்கார்ந்து முதுகு வளைய, மைக்ரோஸ்கோப்பில் ஒரு கண்ணும் சுவர்க் கடிகாரத்தில் ஒரு கண்ணுமாக ரத்தம் பார்த்தவள். கடைசிப் பத்து வருடம் பிசிஆர் என்ற டிஎன்ஏ பரிசோதனை நடக்கும் அறையிலும் இருந்தேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான் டாக்டர் இல்லை. மருந்துச் சீட்டு கேட்டு எழுதியிருக்கும் இரண்டு பேரும் மன்னிக்க வேண்டும்.

அக்கா, என் கணவர் தங்கை கல்யாணத்துக்காகச் சென்னை போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தார். வந்த பத்தாம் நாள் நடுக்கத்தோடு காய்ச்சல். பலதுறை மருந்தகத்தில் டெங்கி பார்த்தார்கள், இல்லை. மருத்துவமனையில் மலேரியா ஸ்லைடு பார்த்து, அதுவும் இல்லை என்றார்கள். மறுநாள் மறுபடி ரத்தம் எடுத்து, வைவாக்ஸ் மலேரியா என்றார்கள். டிஎன்ஏ பரிசோதனைக்கும் அனுப்பினார்கள். மாத்திரை சாப்பிட்டுக் காய்ச்சல் விட்டு ஆறு நாள் ஆகியும் அந்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்றே வருகிறது. முதல் நாள் பார்த்தவர் கோட்டை விட்டாரா? மருந்து வேலை செய்யவில்லையா?
– ஈசூன் வாசகி

முதல் நாள் ஸ்லைடு பார்த்தவரைத் திட்டாதீர்கள் அம்மா. அந்த ஸ்டூலில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

மலேரியாவுக்கு ரத்தத்தை இரண்டு விதமாகத் தடவுவோம். ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்து வட்டமாகப் பரப்பிக் காயவிட்டால் அது தடித்த படலம். இன்னொரு சொட்டை வேறொரு ஸ்லைடின் விளிம்பால் ஒரே இழுப்பாக இழுத்தால், முனையில் நாக்கு நுனி போல மெலிந்து முடியும். அது மெல்லிய படலம். தடித்ததில் சிவப்பணுக்கள் உடைந்து கரைந்துவிடும். ஒட்டுண்ணிகள் மட்டும் நெருக்கமாக மிஞ்சும். இருக்கிறதா இல்லையா என்று தேட அதுதான் தோது. மெல்லியதில் சிவப்பணு முழுசாக நிற்கும். உள்ளே இருப்பது எந்த வகை என்று அதில்தான் அடையாளம் பார்ப்போம். இரண்டுக்கும் கீம்சா சாயம். நன்றாக ஏறினால் ஒட்டுண்ணியின் உடல் வெளிர்நீலம், அதன் உட்கரு ஒரு சிவப்புப் புள்ளி. மோதிரத்தில் கல் பதித்த மாதிரி இருக்கும், அதனால் அந்தப் பருவத்துக்குப் பெயரே மோதிர வடிவம். வைவாக்ஸ் என்றால் அது புகுந்த சிவப்பணு உப்பிப் பெருத்து, அதன் மேல் பொடிப்பொடியாகச் சிவப்புப் பொட்டுகள் தெரியும்.

அழகான காட்சிதான், கண்ணில் பட்டால். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில், அதாவது ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கில், சுமார் 50 லட்சம் சிவப்பணுக்கள் உண்டு. அன்றாட வேலையில் மைக்ரோஸ்கோப் பிடிப்பது அதே அளவு ரத்தத்தில் 50 முதல் 100 ஒட்டுண்ணிகள் வரை இருந்தால்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், லட்சம் சிவப்பணுவுக்கு ஒன்று. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை நகரும் கூட்டத்தில் முகம் தெரியாத ஒருவரைத் தேடுவது மாதிரி. மைக்ரோஸ்கோப்பில் ஒரு நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் வட்டத்துக்குப் புலம் என்று பெயர். 100 புலங்களாவது பார்க்காமல் 'இல்லை' என்று எழுதக் கூடாது என்பது எங்களுக்கு விதி. எண்ணெய் விட்டு, ஆயிரம் மடங்கு பெருக்கி, வரிசை வரிசையாக ஸ்லைடை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். அப்படிப் பார்த்தும் தப்பும். அதனால்தான் ஒரு தடவை இல்லை என்று வந்தால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மொத்தம் மூன்று தடவை பார்க்கச் சொல்வார்கள். உங்கள் கணவர் விஷயத்தில் இரண்டாவதிலேயே அகப்பட்டுவிட்டது. அவர்கள் விடாமல் மறுநாளும் எடுத்ததற்கு நான் அவர்களைப் பாராட்டுவேன்.

டிஎன்ஏ பரிசோதனை, அதாவது பிசிஆர், ஒரு மைக்ரோலிட்டரில் ஒரே ஒரு ஒட்டுண்ணி இருந்தாலும், சில முறைகளில் அதற்கும் குறைவாக இருந்தாலும் பிடித்துவிடும். அப்படியானால் முதலிலேயே அதைச் செய்ய வேண்டியதுதானே என்பீர்கள். ஸ்லைடு ஒரு மணி நேரத்தில் டாக்டர் கையில் இருக்கும். பிசிஆருக்கு டிஎன்ஏவைப் பிரிக்க வேண்டும், மற்ற மாதிரிகளோடு சேர்த்து இயந்திரத்தில் ஓட்ட வேண்டும். மறுநாள் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். மலேரியாவிலேயே ஆபத்தான வகையான பால்சிபாரம் அவ்வளவு நேரம் காத்திருக்காது. ஒன்றிரண்டு நாளில் ஆளைச் சாய்த்துவிடும்.

அடுத்தது ஆறாம் நாள் பாசிட்டிவ். வீவக அடுக்குமாடி வீட்டில் கருவாடு வறுத்திருப்பீர்கள். சாப்பிட்டு முடித்து, சட்டியைக் கழுவிக் கவிழ்த்து, ஜன்னலையும் திறந்து வைத்தாயிற்று. மறுநாள் படியேறி வருகிற விருந்தாளி கதவருகிலேயே 'கருவாடா?' என்பார். கருவாடு இன்னும் அடுப்பில் இருக்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை. பிசிஆர் அந்த விருந்தாளி. செத்த ஒட்டுண்ணியின் டிஎன்ஏ துணுக்குகள் ரத்தத்தில் சில நாள், சிலருக்கு வாரக்கணக்கில்கூட மிஞ்சும். துணுக்கு உயிருள்ளதிலிருந்து வந்ததா, செத்ததிலிருந்து வந்ததா என்று அந்தப் பரிசோதனைக்குத் தெரியாது. மருந்து கேட்கிறதா என்று பார்க்க ஸ்லைடுதான் சரி. எண்ணிக்கை நாளுக்கு நாள் இறங்கி, ஒன்றுமில்லாமல் போக வேண்டும். ஸ்லைடு சுத்தமாக இருக்கிறது, காய்ச்சலும் இல்லை என்றால், பிசிஆர் தாளைப் பார்த்து ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு அதுதான் முக்கியம். வைவாக்ஸ் கல்லீரலில் உறங்கும் வடிவம் ஒன்றை விட்டுவைக்கும். மாதக்கணக்கில் சும்மா கிடந்து, திடீரென்று எழுந்து மறுபடி காய்ச்சல் கொடுக்கும். அது ரத்தத்திலேயே இல்லாததால் பிசிஆரும் அதைக் காணாது, ஸ்லைடும் காணாது. அதைக் கொல்லத்தான் ப்ரிமாகுவின் மாத்திரை. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அந்த மாத்திரை சிவப்பணுக்களை உடைத்துவிடும் என்பதால் முதலில் அந்த நொதியைப் பார்ப்பார்கள். சிங்கப்பூரில் பிறந்த குழந்தைகளுக்கு 1965 முதல் இதைப் பார்த்து வருகிறார்கள். உங்கள் கணவர் இங்கே பிறந்தவரானால் அவருடைய பழைய குறிப்பில் இருக்கும். ஊரில் பிறந்தவரானால் புதிதாகப் பார்க்க வேண்டும். காய்ச்சல் விட்டதே என்று அந்த மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு, மூன்று மாதம் கழித்து அதே நடுக்கத்தோடு திரும்பி வந்தவர்கள் எத்தனையோ பேருடைய ஸ்லைடை நான் பார்த்திருக்கிறேன்.

சென்னையில் மலேரியாவா என்று அக்கம்பக்கத்தில் ஆச்சரியப்பட்டிருப்பார்கள். அங்கே அதைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டெபன்சி கொசு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்வது. அதற்குக் காடு, வயல் எதுவும் வேண்டாம்.

கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே பிசிஆரா இது? ரத்தத்தில் எப்படிச் செய்கிறார்கள்? பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரிச் சொல்லுங்கள்.
– தோ பாயோ வாசகர்

அதே குடும்பம். கொரோனா கிருமியிடம் இருப்பது ஆர்என்ஏ, அதை முதலில் டிஎன்ஏவாக மாற்றிக்கொள்ள வேண்டும். மலேரியா ஒட்டுண்ணியிடம் இருப்பது டிஎன்ஏதான், அதனால் ஒரு படி மிச்சம்.

வேடிக்கை என்னவென்றால், நம் சிவப்பணு முதிர்ந்தபின் அதற்கு உட்கரு கிடையாது. வீட்டுக்காரரிடமே டிஎன்ஏ இல்லாத வீட்டுக்குள் தன் டிஎன்ஏவைச் சுமந்துகொண்டு குடிவருகிற வாடகைக்காரர் இந்த ஒட்டுண்ணி. ரத்தத்தில் வெள்ளையணுக்களும் இருப்பதால் நம் டிஎன்ஏவும் மாதிரியில் ஏராளமாக வந்து சேரும். அந்தக் கூட்டத்தில் ஒட்டுண்ணிக்கு மட்டுமே உரிய ஒரு சின்னப் பகுதியைத் தேடிப் பிடித்துப் பெருக்க வேண்டும். அதைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் துண்டுக்குப் ப்ரைமர் என்று பெயர். மலேரியாவுக்கு வழக்கமாகக் குறிவைப்பது ரைபோசோம் சம்பந்தப்பட்ட ஒரு மரபணு; ஒரே ஒட்டுண்ணியிடம் அதற்குப் பல நகல்கள் இருப்பதால் அகப்படுவது சுலபம்.

பிறகு எல்லாம் சூடும் ஆற்றுதலும்தான். 95 டிகிரியில் டிஎன்ஏவின் இரட்டை இழை பிரியும். 60 டிகிரி பக்கம் இறக்கினால் ப்ரைமர் ஒட்டும். 72-இல் நொதி புது இழையை நெய்யும். ஒன்று இரண்டாயிற்று. மறுபடி 95. இரண்டு நான்காயிற்று. இப்படி 30 சுற்று ஓடினால் ஒன்று நூறு கோடியைத் தாண்டும். அவ்வளவு சூட்டில் அந்த நொதி வெந்து போகாதா என்று உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்டால் சபாஷ் சொல்லுங்கள். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவிடமிருந்து வந்த நொதி அது, சூடு அதற்குப் பழக்கம். இந்த முறையை 1983-இல் யோசித்த கேரி முல்லிஸுக்கு 1993-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் வயிற்றைக் கலக்குகிற விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு ஓட்டத்திலும் நோயாளிகளின் ரத்தத்தோடு ஒரு குழாயில் வெறும் தண்ணீரும் வைப்போம். அதில் எதுவும் பெருகக் கூடாது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நான் வைத்த தண்ணீரே பாசிட்டிவ் என்று திரையில் கோடு மேலே ஏறியது. அதற்கு முந்தின நாள் ஓட்டி முடித்த குழாய் ஒன்றை, மூடி சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தவறான அறையில் வைத்துத் திறந்தவள் நானேதான். திறந்த அந்த நொடியில் கோடிக்கணக்கான நகல்கள் காற்றில் பறந்து மேசை, பிப்பெட், கையுறை எல்லாவற்றிலும் உட்கார்ந்துவிட்டன. அன்றைய முடிவுகள் அத்தனையும் குப்பை. கரைசல்களை எல்லாம் கொட்டிவிட்டு, அறை முழுக்க குளோரின் கரைசல் போட்டுத் துடைத்து வீட்டுக்குப் போகும்போது எம்ஆர்டியில் கடைசி ரயில். கை இரண்டு நாள் நீச்சல்குளம் மாதிரி மணந்தது. ரத்தத்திலிருந்து டிஎன்ஏவைப் பிரிக்கும் அறையும் அதைப் பெருக்கும் அறையும் ஏன் தனித்தனி, ஏன் ஒன்றில் போட்ட மேலங்கியோடு மற்றதில் நுழைய விடமாட்டார்கள் என்பதை அதற்கப்புறம் புதிதாக வந்தவர்களுக்கு நான் விளக்கிய விதமே வேறு.

இன்னொன்று. ரத்தம் எடுக்கும்போது தாதி பல நிற மூடிக் குழாய்களை மாற்றி மாற்றிப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். இதற்கு ஊதா மூடி வேண்டும். பச்சை மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருக்கும் ஹெப்பாரின் பிசிஆரைக் கெடுக்கும். சிவப்பணுவின் சிவப்பும் கெடுக்கும், அதனால்தான் டிஎன்ஏவைப் பிரிக்கும்போது நிறம் போகும்வரை கழுவுவோம். கடைசியில் இளஞ்சிவப்பாக ஏதாவது மிஞ்சினால் எனக்கு நம்பிக்கை வராது.

என் மகன் தேசிய சேவையில் இருக்கிறான். காட்டுப் பயிற்சி என்று அடிக்கடி போகிறான், அடுத்த மாதம் புருணையாம். குரங்கிலிருந்து மனிதருக்கு மலேரியா வருகிறது என்று தோழி அனுப்பிய செய்தியைப் படித்ததிலிருந்து எனக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை. சிங்கப்பூர் மலேரியா இல்லாத நாடு இல்லையா?
– உட்லண்ட்ஸ் அம்மா

மலேரியா இல்லாத நாடுதான். உலகச் சுகாதார நிறுவனம் 1982-இல் சான்று கொடுத்தது. ஆனால் அனாபிலிஸ் கொசு அந்தச் சான்றைப் படித்ததில்லை. வெளியிலிருந்து நோயோடு வருகிறவர்களும் உண்டு. அதனால் ஒரு நோயாளி கிடைத்தாலும் உடனே சுகாதார அதிகாரிகளுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

நீங்கள் படித்த செய்தி உண்மை. அந்த ஒட்டுண்ணியின் பெயர் பிளாஸ்மோடியம் நோலெசி. நீண்டவால் குரங்கும் பன்றிவால் குரங்கும் அதற்குச் சொந்த வீடு. இங்கே 2007-இல் காட்டில் பயிற்சி செய்த ஒரு ராணுவ வீரருக்கு அது வந்தது. உள்ளூரிலேயே தொற்றியதாகத் தெரிய வந்த முதல் ஆள் அவர். அப்புறம் குரங்குகளைப் பிடித்து ரத்தம் பார்த்தார்கள். பொதுமக்கள் போக முடியாத அந்தப் பயிற்சிக் காட்டின் குரங்குகளில் ஒட்டுண்ணி இருந்தது. பூங்காக்களில் நம் கையிலிருந்து பிளாஸ்டிக் பையைப் பிடுங்கும் குரங்குகளில் இல்லை. நோயாளியிடம் இருந்ததும் குரங்கிடம் இருந்ததும் ஒன்றுதானா என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம் டிஎன்ஏ ஒப்பீடு.

இந்த ஒட்டுண்ணியோடு எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. இதுவரை எழுதியதில்லை, இப்போது எழுதிவிடுகிறேன்.

1998. சரவாக்கில் ஒரு மரவெட்டு முகாமுக்கு இயந்திரம் பழுதுபார்க்கப் போய்த் திரும்பியவர். நாற்பது வயது இருக்கும். ஸ்லைடு என்னிடம் வந்தது. சிவப்பணுவின் குறுக்கே பட்டைபோல நீண்டு கிடந்தது ஒட்டுண்ணி. புத்தகத்தில் அந்தப் படத்துக்குக் கீழே 'பிளாஸ்மோடியம் மலேரியே' என்று போட்டிருக்கும். மலேரியே என்பது மனிதரைப் பிடிக்கும் மலேரியா வகைகளில் ஒன்று. மந்தமானது, ரத்தத்தில் 72 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பெருகும், நூறு சிவப்பணுவில் ஒன்றைத் தாண்டுவது அபூர்வம். நான் எண்ணியபோது நூற்றுக்கு இரண்டு வந்தது. மறுபடி எண்ணினேன். இரண்டுதான். என்னடா இது என்று தோன்றியது. தோன்றியதைப் பென்சிலால் என் நோட்டுப் புத்தகத்தில் ஒரு கேள்விக்குறியாகப் போட்டுவிட்டு, அறிக்கையில் மலேரியே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு பத்து நாள் படுத்திருந்தார். பிழைத்துக்கொண்டார்.

2004. சரவாக் பல்கலைக்கழகத்தில் பல்பீர் சிங் குழுவினர் எழுதிய கட்டுரை லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மதிய உணவு நேரத்தில் அதைப் படித்தேன். சரவாக்கின் கபிட் பகுதியில் மலேரியே என்று நிறையப் பேருக்கு முடிவு வந்துகொண்டிருந்தது. ஆனால் நோய் புத்தகத்தில் சொன்ன மாதிரி மந்தமாக இல்லை. பிசிஆர் செய்து பார்த்தார்கள். 'நீ மலேரியா குடும்பமா?' என்று கேட்டால் ஆம் என்றது. 'நீ மலேரியேவா?' என்று கேட்டால் இல்லை என்றது. மனிதரைப் பிடிக்கும் நான்கு வகைகளில் எது என்று கேட்டாலும் பதில் இல்லை. பிறகு டிஎன்ஏவின் எழுத்து வரிசையையே படித்துப் பார்த்தபோதுதான் அது குரங்கின் நோலெசி என்று தெரிந்தது. அதற்கென்று தனிப் ப்ரைமர் செய்து சோதித்தால் 208 நோயாளிகளில் 120 பேரிடம் அது இருந்தது. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும் ஒட்டுண்ணி. முதிர்ந்த வடிவம் மலேரியே மாதிரி, இளம் வடிவம் பால்சிபாரம் மாதிரி. எங்கள் கண்ணை ஏமாற்றவே படைத்தது போல.

டப்பாவில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. எழுந்து போய்ப் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். பென்சில் கேள்விக்குறி மங்கலாக இருந்தது. ஸ்லைடு எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. அது நோலெசிதான் என்று இன்றைக்கும் என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் எனக்குத் தெரியும்.

அன்று என்னிடம் பிசிஆர் இருந்திருந்தால்? எல்லாரும் இதைக் கேட்பார்கள். 1998-இல் இருந்த பிசிஆரில் நோலெசிக்கான கேள்வியே கிடையாது. கேட்காத கேள்விக்கு அந்த இயந்திரம் பதில் சொல்லாது. கேள்வி வந்த பிறகும் தகராறு தீரவில்லை. முதலில் வந்த நோலெசி ப்ரைமர்கள் சில வைவாக்ஸ் மாதிரிகளிலும் ஒட்டிக்கொண்டு இல்லாததை இருக்கிறதென்று காட்டின, பிறகுதான் திருத்தினார்கள். டிஎன்ஏ காலத்துக்கு முன்னால் இதைக் கண்டுபிடித்த விதம் இன்னும் பாடு. 1965-இல் மலேசியாவின் பகாங் காட்டில் வேலை பார்த்த ஓர் அமெரிக்கர் காய்ச்சலோடு ஊர் திரும்பினார். மனிதரில் இயற்கையாகத் தொற்றிய முதல் நோலெசி அவருடையது. அவருடைய ரத்தத்தை ரீசஸ் குரங்குகளுக்கு ஏற்றினார்கள். குரங்குகள் செத்தன. அதை வைத்துத்தான் நோலெசி என்று முடிவுகட்டினார்கள்.

சரி, உங்கள் மகன். பயப்படுகிற அளவுக்கு அடிக்கடி வருகிற நோய் இல்லை இது. நீளக்கை சட்டை, கொசு விரட்டும் மருந்து, ராணுவத்தில் மாத்திரை கொடுத்தால் ஏமாற்றாமல் விழுங்குவது. காட்டிலிருந்து வந்து ஓரிரு வாரத்தில் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். போனதும் முதல் வாக்கியமாக 'காட்டில் இருந்தேன், புருணை போயிருந்தேன்' என்று சொல்ல வேண்டும். டாக்டர் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம். 1998-இல் என்னிடம் வந்த சீட்டில் 'காய்ச்சல்' என்று மட்டும்தான் இருந்தது. சரவாக், மரவெட்டு முகாம் எல்லாம் எனக்குத் தெரிந்தது அவர் வீடு திரும்பிய பிறகு.

வருடாந்திர உடல் பரிசோதனையோடு ஒட்டுண்ணி டிஎன்ஏ பரிசோதனையும் செய்துகொள்ளலாமா? கொஞ்சம் வெள்ளி கூடினாலும் பரவாயில்லை.
– புக்கிட் பாத்தோக் வாசகர்

வேண்டாம். காய்ச்சல் இல்லை, பயணம் இல்லை, எதைத் தேடுவது? அந்த வெள்ளிக்குத் தேக்காவில் நல்ல மீனாக வாங்கிக் குழம்பு வையுங்கள்.

எங்கள் நாய் சோர்ந்து, ஈறெல்லாம் வெளுத்துவிட்டது. உண்ணிக் காய்ச்சலாம், பபீசியா என்கிறார் கால்நடை மருத்துவர். பிசிஆருக்கு அனுப்பியிருக்கிறார். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. தொற்றுமா?
– செங்காங் வாசகி

நாயைத் தொட்டால், நக்கினால் தொற்றாது. பபீசியாவும் சிவப்பணுவுக்குள் குடியிருக்கும் ஒட்டுண்ணி, மலேரியாவுக்குத் தூரத்து உறவு. ஆனால் இதைப் பரப்புவது உண்ணி. மனிதருக்கு வரும் பபீசியா பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும், அவை வேறு வகைகள். நாய்க்கு வரும் சின்ன வகை ஸ்லைடில் ஒரு புள்ளியும் வாலும் மாதிரிதான் தெரியும், சாயத் துகளா ஒட்டுண்ணியா என்று தலையைச் சொறிய வேண்டியிருக்கும். அதனால் பிசிஆர் கேட்டது நியாயம். எந்த வகை என்பதைப் பொறுத்து மருந்து மாறும். சில வகை மருந்துக்குப் பிறகும் உடம்பில் கொஞ்சமாகத் தங்கிவிடும், அதனால் பிறகு ஒருமுறை பார்க்கச் சொன்னால் மறுக்காதீர்கள். குழந்தையை விட்டுவிட்டு உண்ணியைக் கவனியுங்கள்: காது மடிப்பு, விரலிடுக்கு, அப்புறம் சோபாவுக்கு அடியில்.

நான் கும்பகோணத்துப் பக்கம் வளர்ந்தவள், வயது 78. சின்ன வயதில் ராத்திரி பத்து மணிக்கு மேல் அரிக்கேன் விளக்கோடு ஆட்கள் வந்து, தூங்கும் பிள்ளைகளை எழுப்பி விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பார்கள். யானைக்கால் நோய்க்கு என்று சொல்வார்கள். பகலில் வந்தால் என்ன என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.
– அங் மோ கியோ பாட்டி

பாட்டி, இந்த மாதம் வந்ததில் எனக்குப் பிடித்த கடிதம் உங்களுடையது. யானைக்கால் புழுவின் குஞ்சுகள் பகலில் நுரையீரலின் ரத்தக்குழாய்களில் ஒதுங்கிக்கொள்ளும். ராத்திரி பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரைதான் விரல்நுனி வரை கூட்டமாக வரும், அதைப் பரப்பும் கொசு கடிக்கிற நேரம் அதுதான். இந்த நேரக் கணக்கைக் கண்டுபிடித்தவர் பாட்ரிக் மேன்சன். 1870களில் சீனாவின் அமோய் துறைமுகத்தில் மருத்துவராக இருந்தபோது, ஒருவரைப் பகலிலும் இன்னொருவரை இரவிலுமாக உட்கார வைத்து ரத்தம் பார்க்கச் சொன்னார். இரவில் பார்த்தவர் கண்ணில்தான் புழு கொட்டியது.

இப்போது புழு வெளியிடும் புரதத்தை ரத்தத்தில் தேடும் பரிசோதனைப் பட்டை இருக்கிறது, பகலிலேயே பார்க்கலாம். டிஎன்ஏ முறையில் இன்னொரு சுகமும் உண்டு: ஆளை எழுப்பவே வேண்டாம். ஊரில் கொசுவைப் பிடித்து, பத்திருபதாகச் சேர்த்து அரைத்து, அதில் புழுவின் டிஎன்ஏ இருக்கிறதா என்று பார்க்கலாம். கொசு குடித்தது ஊர்க்காரர்களின் ரத்தம்தானே.

போன இதழில் ரோனால்ட் ரோஸ் கல்கத்தாவில்தான் கொசுவுக்குள் மலேரியாவைக் கண்டார் என்று எழுதியிருந்தீர்கள். தவறு. திருத்தவும்.
– கிளமெண்டி வாசகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்

தவறுதான் ஐயா. அவர் மனித மலேரியாவின் ஒட்டுண்ணியைக் கொசுவின் வயிற்றுச் சுவரில் கண்டது செகந்தராபாத்தில், 1897 ஆகஸ்டு 20. கல்கத்தாவில் அடுத்த வருடம் செய்தது பறவை மலேரியா. அதில்தான் ஒட்டுண்ணி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர்வதைப் பார்த்தார். இரண்டையும் குழப்பிவிட்டேன். கொசுவைப் பார் என்று அவரைத் தூண்டியவர் மேலே சொன்ன அதே மேன்சன். செகந்தராபாத்தில் கொசுக்களுக்கு ரத்தம் கொடுத்த நோயாளியின் பெயர் ஹுசேன் கான். கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலி. தேக்கா பக்கம் வந்தால் சொல்லுங்கள் ஐயா, உங்களுக்கு ஒரு கோப்பி என் கணக்கில்.